விறகில் ஏது மா?

புழுக்கொடியலில் மாச்சத்து இல்லை என்று நான் நம்பியிருந்தேன். மனதார நம்பியிருந்தேன். பனங்கிழங்கை அவித்து வெயிலில் காயவிட்டால் கதிரைக்கால் மாதிரிக் கட்டையாய் ஒன்று வருமே, அதுதான். அதைக் கடிக்கும்போது கடைவாய்ப்பல் படும் பாட்டைப் பார்த்து, இது உணவே அல்ல, விறகு என்று முடிவுகட்டினேன். விறகில் ஏது மா?

என் அப்பா ஐம்பது வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர். எனக்கு நாற்பத்தொன்பது ஆனபோது எடை தொண்ணூற்றிரண்டு கிலோ. பயத்தில் ஒரே நாளில் இரண்டு காரியங்களைத் தொடங்கினேன். சோறு, பாண், பிட்டு, இடியப்பம் எல்லாவற்றையும் தள்ளிவைத்தேன். காலையில் கடலுக்கு மேலே போகும் பெரிய பாலத்தைத் தாண்டி, தள்ளாடி என்ற ஊர் வரை ஓடித் திரும்பினேன்.

“மாவும் தின்னாமல் உந்தத் தூரம் ஓடினால் எங்கையும் விழுவீங்கள்” என்றாள் மனைவி.

“என்ரை உடம்பு கொழுப்பை எரிச்சு ஓடுது. உமக்கு உது விளங்காது.”

“எரியிற மாதிரித் தெரியேல்லையே. வயிறு அப்பிடியேதான் கிடக்கு.”

நான்கு மாதம் ஓடினேன். ஓடும்போது கொறிக்கக் காற்சட்டைப் பையில் ஏழெட்டுப் புழுக்கொடியல் இருக்கும். எடை நான்கு கிலோ குறைந்தது. தேநீர்க் கடையில் நின்று, மா இல்லாமலே மனிதன் வாழலாம் என்று பிரசங்கம் வைத்தேன்.

ஒருநாள் அரிப்புக் கிராமத்திலிருந்து வந்த மச்சாள், வீட்டிலிருந்த புழுக்கொடியல் முழுவதையும் அள்ளிக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் வெறும் பையோடு ஓடினேன். திரும்பி வரும் வழியில், பாலம் முடிகிற இடத்தில் கால் இரண்டும் தண்ணீராகிவிட்டன. குளிர்ந்த வியர்வை. வீடு எந்தப் பக்கம், தள்ளாடி எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. வந்துவிட்டது, அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது என்று வீதியோரத்தில் குந்தினேன். சாகுமுன் பாவமன்னிப்புக் கேட்கும் உத்தம மனஸ்தாப மந்திரம் சொல்லத் தொடங்கி, பாதியில் மறந்துபோய், சாப்பாட்டுச் செபத்துக்குள் நுழைந்துவிட்டேன். எதிரே நின்ற கழுதை ஒன்று மட்டும் பக்தியோடு கேட்டது.

கடலுக்குப் போய்த் திரும்பிய ஒருவர் சைக்கிளை நிறுத்தினார்.

“என்ன அண்ணை செய்யுது?”

“நான் போறன் தம்பி. வீட்டிலை சொல்லிவிடும்.”

“எங்கை போறியள்?”

மேலே கையைக் காட்டினேன். அவரும் அண்ணாந்து பார்த்தார். பிறகு தன் போத்தலில் மிஞ்சியிருந்த இனித்த தேநீரை என் வாயில் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் வீதி சுற்றுவதை நிறுத்தியது. ஆனாலும் நான் விடவில்லை. சாகப்போகிறவனுக்குரிய முகத்தோடு ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டொக்டர் ஈ.சி.ஜி. துண்டைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். கட்டிலருகே நின்ற தாதி மிஸ்ஸிதான் விசாரித்தார்.

“தேத்தண்ணி குடிச்ச உடனை சரியாப் போச்சு எண்டால் சீனி இறங்கியிருக்கு. காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?”

“ஒண்டுமில்லை. நான் நாலு மாசமா மா தொடுறதில்லை, மிஸ்ஸி.”

“அப்ப மற்ற நாளிலை எப்பிடி ஓடினனீங்கள்?”

“சும்மா, ஏழெட்டுப் புழுக்கொடியலோடை.”

அவர் பேனையைக் கீழே வைத்தார். “ஐயா கூழ் குடிக்கிறதில்லையோ?”

“ஏன் இல்லை? முந்திக் கிழமைக்கொருக்காக் குடிக்கிறனான்.”

“அதுக்குள்ளை என்ன போடுறது?”

“நண்டு, இறால், மீன், ஒடியல் மா...”

வெளியே வந்த சொல்லைத் திரும்ப விழுங்க முடியவில்லை.

“ஒடியலும் பனங்கிழங்குதானே. அப்ப புழுக்கொடியலுக்குள்ளை என்ன கிடக்கு? சிமெந்தோ?”

பக்கத்துக் கட்டிலில் காலில் கட்டுப் போட்டுக் கிடந்தவர் இருமும் வரை சிரித்தார். சாகவில்லை என்ற நிம்மதியில் எனக்கு மிஸ்ஸியைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலிருந்தது. என்னை ஐயா என்றதைக்கூட மன்னித்துவிட்டேன்.

செபமாலையோடு ஓடிவந்த மனைவி முழுக்கதையையும் கேட்டாள். “மச்சாளுக்கு ஒரு நன்றி சொல்லுங்கோ. இல்லாட்டில் இன்னும் நாலு மாசம் பிரசங்கம் வைச்சிருப்பீங்கள்” என்றாள்.

இப்போது ஓடப் போகுமுன் ஒரு துண்டு பிட்டு சாப்பிடுகிறேன். போன மாதம் ஐம்பது முடிந்தது, எடை எண்பத்தாறு. என் நெஞ்சுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அன்று என் பையில் கிழங்கு இருக்கவில்லை, அவ்வளவுதான்.