தாலிகட்டுக்குப் போட்ட பாட்டு

அந்த நாளில், புலம்பெயர்ந்து வந்த எங்கள் சனம் நிறைந்த மல்வேர்னில் எந்தக் கல்யாண வீடியோவை எடுத்தாலும், கெட்டிமேளம் முடிந்ததும் தாலிகட்டை மெதுவாக இன்னொரு தரம் ஓடவிட்டு, அதற்கு ஒரு ஆங்கிலப் பாட்டுப் போட்டிருப்பார்கள். அது இல்லாவிட்டால் அது வீடியோவே இல்லை.

கல்யாண மண்டபத்தில் படம் பிடிப்பவர் கோணேஸ்வரன். அதோடு அவர் வேலை சரி. வெட்டி ஒட்டுவதும் பாட்டுப் போடுவதும் மனைவி சந்திரவதனாதான். பகலில் பிஸ்கட் தொழிற்சாலை, பின்னேரத்தில் வீட்டு பேஸ்மென்றில் இரண்டு வீடியோ டெக். அவளுடைய ஆங்கிலம் பஸ்ஸுக்கும் வேலைக்கும் போதும், பாட்டுக்குப் போதாது. அதனால் மெட்டை மட்டும் கேட்பாள். வயலின் இழைந்து ஆண்குரல் உருகினால் அது காதல் பாட்டு. அவளுடைய துணிச்சலை மெச்சத்தான் வேண்டும்!

1994 ஆவணியில் கௌசி என்ற பெண்ணின் கல்யாண வீடியோவைக் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை பிஸ்கட் அடுக்கும்போது அந்த மெட்டையே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற வேரோனிக்கா காதைத் தீட்டினாள். கொன்வென்றில் படித்தவள், இலங்கை வானொலியின் ஆங்கிலச் சேவையோடு வளர்ந்தவள்.

"எங்கை பிடிச்சனி உந்தப் பாட்டை?"

"கௌசியின்ரை தாலிகட்டுக்குப் போட்டனான் அக்கா. நல்ல மெட்டெல்லே?"

"அடி விசரி! உது மனிசியை விட்டிட்டுப் போறவன்ரை பாட்டு. பெட்டி கட்டிப்போட்டன், வீட்டுத் திறப்பு மேசையிலை கிடக்கு எண்டெல்லே பாடுறான்!"

முதல் நாள்தான் கௌசி வீட்டில் நாற்பது பேர் கூடிப் படம் பார்த்திருந்தார்கள். பெரியவர்களுக்கு ஒன்றும் விளங்கியிராது. ஆனால் கௌசியும் மாப்பிள்ளை பிரவீனனும் ஏழெட்டு வயதிலிருந்தே இங்கே வளர்ந்தவர்கள். பெற்றோர் பேசிச் செய்த கல்யாணம் வேறு. ஒரு பிள்ளையின் நல்ல நாளைக் கெடுத்துவிட்டேனே என்று சந்திரவதனா கழிப்பறைக்குள் போய் அழுதாள்.

வேரோனிக்கா விடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் தன் பையிலிருந்த பாட்டுக் கசெற்றுகளைப் பரப்பிவைத்துக்கொண்டு விளக்கம் சொன்னாள்.

"ஐம்பதுகளின்ரை பாட்டிலை பயமில்லாமல் கை வைக்கலாம். எல்லாரும் கையைப் பிடிச்சுக்கொண்டு கோயிலுக்குப் போவினம். அறுபதுகளிலை கிற்றாரைத் தூக்கிட்டினம். பாதிப்பேர் காதலிப்பினம், மிச்சப்பேர் போர் வேண்டாம் எண்டு பாடுவினம். எழுபதுகளிலைதான் கவனம், ஆடி ஆடியே பிரிஞ்சு போவினம்."

"எண்பதுகள்?"

"மெஷின் மேளம் அடிக்கும். அவன் ரெலிபோனுக்குப் பக்கத்திலை இருந்து அழுவான்."

"இப்பத்தையப் பாட்டுகள்?"

"அதிலை கனபேர் பாடுறேல்லையடி, கதைக்கிறாங்கள். அதுவும் எங்கடை ஆக்கள் மாதிரி மூச்சு விடாமல்!"

அழுத முகத்தோடே சந்திரவதனா சிரித்துவிட்டாள். ஐம்பதுகளின் பாட்டொன்றைப் போட்டுப் புதுக் கசெற் செய்து, சனிக்கிழமை பஸ் பிடித்து அடுத்த பகுதியான ரூஜில் இருந்த கௌசி வீட்டுக்குப் போனாள். உள்ளே போய் உட்காரவும் இல்லை.

"பிள்ளை, நான் பெரிய பிழை விட்டிட்டன். பழையதைத் தாங்கோ, எறிஞ்சுபோடுவம்."

கௌசியும் பிரவீனனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான், இருவருக்கும் சிரிப்புப் பீறிட்டது.

"அன்ரி, கல்யாணம் முடிஞ்சு மூண்டு கிழமையா நாங்கள் ஒழுங்காக் கதைக்கேல்லை," என்றாள் கௌசி. "சாப்பிட்டீங்களோ, ஓம். அவ்வளவுதான். அண்டைக்கு எல்லாரும் கண்ணைத் துடைச்சுக்கொண்டு வீடியோ பார்க்கினம். இவர் தாலி கட்டுறார், பாட்டிலை அவன் சூட்கேஸோடை வெளிக்கிடுறான். நான் மெல்லத் திரும்பினன். இவரும் திரும்பினார்."

"சிரிப்பை அடக்க ஏலாமல் ரெண்டு பேரும் கராஜுக்கை ஓடினனாங்கள்," என்றான் பிரவீனன். "அங்கை நிண்டு ஒரு மணித்தியாலம் கதைச்சம். இன்னும் நிப்பாட்டேல்லை. புதுசைச் சொந்தக்காரருக்கு அனுப்புவம் அன்ரி. பழையதைத் தரமாட்டம்."

மன்னிப்புக் கேட்கப் போனவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்படியே சோபாவில் இருந்துவிட்டாள். பிரவீனன் பழைய கசெற்றை டெக்கில் தள்ளினான். தாலி ஏறியது, பாடகன் பெட்டியோடு கிளம்பினான், மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.