தறியடியில் ஒரு சொம்புத் தண்ணீர்

கரையைத் தனியாக நெய்து உடலோடு கோக்கும் கோர்வைப் புடவைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். புடவையின் உடலை என் வீட்டுக்காரர் நெய்வார். ஒரு பக்கத்துக் கரைக்கு, ஊடைநூல் சுற்றிய நாடாவை நான் போடுவேன். அவர் எழுந்தால் என் கையும் நின்றுவிடும்.

போன வருடம் அவர் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுந்து போனார். வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறார் என்று நினைத்தேன். “எத்தினி வாட்டிதான் எழுந்து போய்க்கினே இருப்பீங்க? நான் நாடாவப் புடிச்சிக்கினு குந்தியிருக்கணுமா?” என்று கத்தினேன். அதன்பின் அவர் எழுவது குறைந்தது.

பிறகு கழுத்தின் இடப்பக்கம் ஒரு கட்டி வந்தது. அதில் சதை எடுத்துச் சோதித்த டாக்டர், “யூரின் எப்படிப் போகுது?” என்று அவரிடம் கேட்டார். கழுத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு எரிச்சல்.

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். “அடிக்கடி வந்துக்கினு இருந்தது சார். இவ கத்துறான்னு தண்ணி குடிக்கிறதக் கொறச்சிட்டேன்.”

ரத்தப் பரிசோதனையில் உறுதியானது. புராஸ்டேட் சுரப்பியில் தொடங்கிய புற்றுநோய் கழுத்துவரை ஏறியிருந்தது. “இப்படிப் பரவுறது அபூர்வம்மா,” என்றார் டாக்டர். முன்பே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

இப்போது தறியடியில் நானே சொம்பில் தண்ணீர் வைக்கிறேன். குடிப்பதற்கு முன் அவர் இன்னும் என் முகத்தைப் பார்க்கிறார்.