ஓடிக்கினுதானே கீது

இன்ஜின் சூட்டில் ஆயில் பொசுங்கும் வாசனை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் நான் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவேன். நைனா என்று நாங்கள் கூப்பிட்ட அப்பா, உத்திரமேரூர் முழுக்கப் பெருமை பேசிக்கொண்டு ஒரு பழைய பைக் வைத்திருந்தார். ஒரே சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக் இருந்ததால் ஊரில் அதற்கு 'டபுள் பிளக்கு வண்டி' என்று பேர்.

அதில் ஒரு பிளக் செத்துக்கிடப்பதைக் கண்டுபிடித்தவர் பஸ் ஸ்டாண்டு மெக்கானிக் காதர் பாய். "ரெண்டு பக்கமும் ஒண்ணா நெருப்பு வுயிந்தாதாண்ணே பெட்ரோலு நேரத்துக்கு எரியும். இதுக்கு டைமிங்கே அப்டித்தான் வெச்சு கீது. ஒரு பக்கம் மட்டும் பத்திச்சுனா லேட்டா எரியும், இழுவை பூடும், சூடுதான் மிச்சம்," என்றார். மாற்றிப்போட அரை மணி நேரம் போதும். நைனா சிரித்துவிட்டு, "ஓடிக்கினுதானே கீது, பாய்?" என்றார்.

கூரை ஒழுகினாலும், அம்மா வாரக்கணக்கில் இருமினாலும், எங்கள் வீட்டில் அந்த ஒரு பதில்தான்.

அக்கா பன்னிரண்டாவது முடித்து நர்சிங் படிப்புக்கு எழுதிப் போட்டிருந்தாள். சேர்க்கை நாளன்று காலை பத்து மணிக்குள் காஞ்சிபுரம் கல்லூரியில் நேரில் நின்றால்தான் இடம். அம்மா பஸ்ஸில் போகச் சொன்னாள். "வூட்ல வண்டிய வெச்சிக்கினு பஸ்ஸுக்கு நிக்கணுமா?" என்று நைனா உதைத்துக் கிளப்பினார். நானும் வருவேன் என்று அடம்பிடித்து டேங்கின் மேல் ஏறி உட்கார்ந்தேன். அந்தக் குற்றம் இன்னும் மனசை அறுக்கிறது. மூன்று பேரை இழுக்கமாட்டாமல் வண்டி முக்கி முனகியது. கொதித்த இன்ஜின் ஆறட்டும் என்று வழியில் இரண்டு இடத்தில் நின்றோம். காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கை வருவதற்குள் அக்கா வாட்சைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். கல்லூரியில் அவள் பேரை மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, இடத்தை அடுத்த பெண்ணுக்குக் கொடுத்திருந்தார்கள்.

திரும்பும்போது நைனா கேட்டார்: "இம்மாந்தூரம் வந்துச்சே, எங்கனா மக்கர் பண்ணுச்சா பாத்தியா?"

வண்டி காயலான் கடைக்குப் போய் வெகுநாளாகிவிட்டது. பாயின் பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. கடைசி வரைக்கும் ஓடிய வண்டி என்று நைனா இன்னமும் பீற்றிக்கொள்கிறார். நான் எழுந்து வெளியே போய்விடுவேன். அவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அக்காவை அந்த வருஷமே புள்ளலூரில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். போன மாதம் பார்க்கப் போனபோது, வெடித்த உள்ளங்கைகளோடு மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தாள்.

"எப்டிக்கா கீற?" என்றேன்.

தலை நிமிராமலே சொன்னாள்: "ஓடிக்கினுதானே கீது."