ஒரு படி கீழே ஒலித்த ட்ரம்பெட்

கண்ணாடிக் கடையின் பின்கட்டில் முப்பத்தோரு வருடம் லென்ஸ் தேய்த்தவர் அவர். தெருவில் எல்லாருக்கும் கண்ணாடிக்காரர். அத்தனை வருடத்தில் அவர் தேய்த்த லென்ஸ்களில் சரியில்லை என்று திரும்பி வந்தவை நான்கே நான்கு. எந்த வருடம், எந்த மாதம், இடக்கண்ணா வலக்கண்ணா என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார் என்பது அவர் மனைவியின் புகார்.

வேலை முடிந்து வந்தால் படுக்கையறை மூலையில் கீபோர்டு முன் உட்கார்ந்துவிடுவார். வாசிப்பது ஜாஸ். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு வாசிப்பதால் மனைவிக்குக் கேட்பதெல்லாம் கட்டைகள் அமுங்கும் டொக்டொக் சத்தம் மட்டும். "எலி ஓடுற மாதிரி இருக்குங்க உங்க கச்சேரி" என்பாள்.

ஐம்பத்தெட்டாவது வயதில், ஜாஸ் இசையமைப்பவர்களுக்காக இணையத்தில் ஒரு இலவசப் பயிலரங்கு நடக்கப் போவதாகப் பார்த்து, பெயர் கொடுத்தார். எட்டு சனிக்கிழமை, மாலை நான்கிலிருந்து ஆறு. ஒவ்வொருவரும் முப்பத்திரண்டு பார், அதாவது தாளச் சுற்று, நீளத்தில் சொந்தமாக ஒரு மெட்டு எழுத வேண்டும். வகுப்பில் இருக்கும் வாத்தியக்காரர்களே அதை அவரவர் இடத்தில் வாசித்துப் பதிவு செய்து அனுப்புவார்கள். வாத்தியார் எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்து வகுப்பில் போட்டுக் காட்டுவார். கடைசி சனிக்கிழமை எல்லார் மெட்டும் பொது நிகழ்ச்சியில் ஒலிக்கும். அதில் சேர வேண்டுமானால் முந்தின புதன்கிழமை மாலை ஆறு மணிக்குள் அனுப்பியிருக்க வேண்டும். இருபத்து மூன்று பேர் சேர்ந்து, மூன்றாவது வாரம் பதினான்கு பேர் மிஞ்சினார்கள்.

அந்தப் பதினான்கு பேரில் ட்ரம்பெட் வாசிக்க ஒரே ஆள் ஒரு பஸ் டிரைவர். பஸ்காரம்மா என்று வகுப்பே கூப்பிட்டது. வீட்டில் ஊதினால் மேல்வீட்டுக்காரர் தரையைத் தட்டுவார் என்று, மதிய ஓய்வில் டிப்போவில் பஸ்ஸின் ஜன்னல்களை அடைத்துவிட்டுக் கடைசி சீட்டில் உட்கார்ந்து பதிவு செய்வார். கண்ணாடிக்காரரை முதல் நாளிலிருந்தே "அண்ணே" என்றுதான் கூப்பிட்டார்.

ட்ரம்பெட்டுக்கு எழுதுவதில் ஒரு சங்கதி உண்டு. ஸ்வரம் எழுதிய தாளில் இருப்பதைவிட ஒரு முழுப்படி கீழே ஒலிக்கும் வாத்தியம் அது. ஆகவே எழுதுகிறவர் ஒரு படி மேலே ஏற்றி எழுத வேண்டும். கணினியில் அதற்கு ஒரு பட்டன் இருக்கிறது. எழுதும்போது வசதிக்காக, எல்லாம் காதில் விழுகிறபடியே திரையில் தெரியட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். தாளை அனுப்பும் முன் மறக்காமல் மாற்றிவிட வேண்டும். இரண்டாம் வாரமே வாத்தியார் இதைச் சொல்லியிருந்தார். கண்ணாடிக்காரர் குறித்தும் வைத்திருந்தார்.

நான்காம் வாரம் அவர் முறை. பியானோவைத் தானே வாசித்துப் பதிவு செய்து, அதோடு மற்றவர்களுக்கான தாள்களையும் அனுப்பினார். சனிக்கிழமை வாத்தியார் போட்டுக் காட்டியபோது அவருக்கு உடம்பு சிலிர்த்தது. தலைக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருந்த மெட்டு, ட்ரம்பெட்டில், அப்படியே வெளியே வந்து நின்றது. வேலையாகப் பக்கத்தில் வந்த மனைவிகூடக் கையில் துணியோடு நின்றுவிட்டாள்.

வாத்தியார் பாதியில் நிறுத்தினார்.

"பஸ்காரம்மா, தாள்ல இருக்கறது ஒண்ணு, நீங்க வாசிச்சது ஒண்ணு. ஏன்?"

"சார், தாள்ல உள்ளபடி வாசிச்சா பியானோவோட இடிச்சுது. அதான் ஒரு படி ஏத்திப் பாத்தேன், உக்காந்துடுச்சு. எழுதும்போது ஏதாவது மாறிப்போச்சோன்னு... அண்ணே, நீங்க சொல்லுங்கண்ணே."

கண்ணாடிக்காரர் தாளைப் பார்த்தார். இரண்டு விநாடிதான் ஆகியிருக்கும். பட்டனை மாற்றவில்லை. பஸ்காரம்மா வாசித்ததுதான் அவர் எழுத நினைத்தது.

திரையில் வாத்தியாரோடு சேர்த்துப் பதினைந்து கட்டங்கள், பதினைந்து முகங்கள். வாயைத் திறந்தார். "தாள்ல இருக்கிறபடியே வாசிங்க" என்று வந்தது.

"பாத்தீங்களா?" என்றார் வாத்தியார். "ரூட்டை விட்டு பஸ்ஸை ஓட்டினா மெமோ கொடுப்பாங்கல்ல? இங்கே மட்டும் உங்க இஷ்டத்துக்குத் திருப்பலாமா? புது சங்கீதம்னா முதல்ல இடிக்கத்தான் செய்யும். காது பழகணும்."

எல்லாரும் சிரித்தார்கள். பஸ்காரம்மாவும் சிரித்து, "சரி சார், தப்பு என்மேலதான்" என்றார். கண்ணாடிக்காரரும் சிரித்தார். சிரித்த தன் முகத்தைத் திரையில் அவரே பார்த்தார்.

அடுத்த வாரம் தாளில் உள்ளபடியே வாசித்த பதிவு வந்தது. பியானோ ஒரு பக்கம், ட்ரம்பெட் ஒரு பக்கம், ஒரே வீட்டில் பேசாமல் இருக்கும் இரண்டு பேரைப் போல. வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இதுதான் துணிச்சல்! ரெண்டு சுருதியை ஒரே நேரத்துல காதுல வெச்சுக்கிட்டு எழுதியிருக்கார். கடைசி நாள் இதை எப்படி எழுதினீங்கன்னு பத்து நிமிஷம் பேசணும் நீங்க."

வகுப்பு முடிந்ததும் மனைவி கேட்டாள். "போன வாரம் நல்லாத்தானே இருந்துச்சு? இது என்னங்க, துருப்பிடிச்ச கதவைத் திறக்கற மாதிரி?"

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"எனக்குப் புரியாதுதான். உங்களுக்குப் புடிச்சிருக்கா?"

எழுந்து போய், காயாத துணியைக் கொடியிலிருந்து எடுத்து மடித்தார்.

கடைசி வாரம் செவ்வாய்க்கிழமை, கடையில் இருக்கும்போது பஸ்காரம்மா போன் செய்தார். பின்னால் பஸ் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது.

"அண்ணே, உங்க மெட்டு இப்பவும் எனக்கு இடிக்குதுண்ணே. இருவது தடவை கேட்டுட்டேன். அதோட அழகு வாத்தியாருக்குக் கேக்குது, எல்லாருக்கும் கேக்குது, எனக்கு மட்டும் கேக்கலை. இத்தனை வருஷமா இந்தக் காதை நம்பி ஊதியிருக்கேன், பாருங்க கூத்தை."

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா."

"இல்லண்ணே. நான் ஒரு மெட்டு எழுதி வெச்சிருந்தேன். எல்லாரும் வாசிச்சும் கொடுத்துட்டாங்க. அதை அனுப்ப வேணாம்னு முடிவு பண்ணிட்டேன். காது இந்த லட்சணத்துல இருக்கறவ எழுதினதை ஊருக்கே போட்டுக் காட்டணுமா?"

அவர் கையில் பாதி தேய்த்த லென்ஸ் இருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார். எதிரே கடை முதலாளி நின்று ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். "அனுப்புங்கம்மா, நல்லாத்தான் இருக்கும்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அன்று மாலை பஸ்காரம்மாவைக் கூப்பிடப் போனை எடுத்தார், வைத்தார். புதன்கிழமை காலையும் எடுத்தார், வைத்தார். என்ன சொல்வது என்று வாக்கியமாக எழுதியும் பார்த்தார். எழுதிய வாக்கியம் ஒவ்வொன்றும் 'பட்டன்' என்ற இடத்தில் வந்து நின்றது. நின்றால் அடுத்தது 'அன்றைக்கே எனக்குத் தெரியும்' என்று எழுத வேண்டும். பட்டனை மறந்ததைச் சொல்லிவிடலாம். அன்றைக்கே தெரியும் என்பதைத்தான் சொல்ல முடியவில்லை. புதன்கிழமை ஐந்து ஐம்பதுக்கும் கடையில் உட்கார்ந்து மணி பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு அடித்தது. அன்று தேய்த்த லென்ஸ் ஒன்று கீறிப்போய், முதலாளிக்குத் தெரியாமல் வேறொன்று தேய்த்தார்.

சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு எண்பத்தேழு பேர் வந்திருந்தார்கள். பட்டியலில் பதின்மூன்று மெட்டுகள். பஸ்காரம்மாவின் கட்டம் இருட்டாக இருந்தது. ஆள் இருக்கிறாரா இல்லையா தெரியவில்லை.

கண்ணாடிக்காரர் முறை வந்தது. மனைவி கதவோரம் நின்றிருந்தாள்.

"நான் எழுதினது இது இல்லை" என்று ஆரம்பித்தார். "பட்டனை மாத்தாம தாளை அனுப்பிட்டேன். அந்தம்மா முதல்ல வாசிச்சதுதான் சரி. அவங்க கேட்டப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் அவங்களைத் தப்பாக்கிட்டேன். எல்லாரும் சிரிச்சப்போ நானும் சிரிச்சேன்."

பிறகு வாத்தியார் வாய்விட்டுச் சிரித்தார். "அட, இவ்வளவுதானா? ஜாஸ்ல தப்புன்னு ஒண்ணு கிடையாதுங்க. கை தவறி விழுந்ததைத் தைரியமா வெச்சுக்கிட்டீங்க பாருங்க, அதுவும் ஒரு கலைதான். என்ன ஒரு அடக்கம்!" திரை முழுக்கக் கைதட்டும் படங்கள் மிதந்தன.

"அடக்கம் இல்லை சார்" என்றார் கண்ணாடிக்காரர். "அவங்க காது சரியா இருந்துச்சு. நான் பொய் சொன்னேன். அதைச் சொல்றேன்." கைதட்டும் படங்கள் இன்னும் கூடின. யாரோ ஒருவர் இதயம் அனுப்பினார்.

இருட்டுக் கட்டத்திலிருந்து குரல் வந்தது. கோபம் இல்லை, சத்தமும் இல்லை.

"செவ்வாய்க்கிழமை போன்ல சொல்லியிருந்தா என் மெட்டை அனுப்பியிருப்பேன் சார்."

எட்டு வாரத்தில் அந்த அம்மா அவரை சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"இப்ப அனுப்புங்கம்மா, நான் வாத்தியார்கிட்ட..." என்று அவர் தொடங்குவதற்குள், "ஷிப்டுக்கு நேரமாச்சு" என்ற குரலோடு அந்தக் கட்டம் மறைந்தது. மீதி இருந்தவர்களின் கட்டங்கள் நகர்ந்து அந்த இடத்தை அடைத்துக்கொண்டன.

"என் மெட்டை எடுத்துடுங்க சார். அந்த நேரத்தை அவங்களுக்குக் கொடுங்க."

"அவங்கதான் போயிட்டாங்களே. அனுப்பவும் இல்லை. விடுங்க, போட்டுடறேன்" என்று வாத்தியார் பதிவை ஓடவிட்டார்.

இரண்டு நிமிடம் நாற்பத்தொரு விநாடி. கேமராவை அணைத்துவிடலாமா என்று கை போனது. அணைக்கவில்லை. எண்பத்தாறு பேர் பார்க்க, ட்ரம்பெட் ஒவ்வொரு ஸ்வரமாக ஒரு படி கீழே இறங்கி இடித்துக்கொண்டே போனதை முகத்தைத் திருப்பாமல் கேட்டார். கதவோரம் நின்ற மனைவி பாட்டு முடியும்வரை நகரவில்லை. முடிந்ததும் உள்ளே வந்து, அவர் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தாள்.