பக்கீத் விட்டுப்போன கரண்டி

போர் நடந்த சிர்த் நகரில் குண்டு ஓட்டை இல்லாத சுவரே கிடையாது. அந்த ஓட்டைகளைப் பூசி அடைப்பதுதான் பக்கீத்தின் பிழைப்பு. சூடானின் டார்ஃபூரிலிருந்து பிழைக்க வந்தவர். சூடானியர் நாங்கள் நாலு பேர் அவரோடு ஓர் அறையில் இருந்தோம். கடல் பக்கச் சுவர் ஷெல் வீச்சில் போய்விட்டதால் அங்கே ஒரு கம்பளியைத் தொங்கவிட்டிருந்தோம். ஊரார் சுவரையெல்லாம் அடைப்பவர் எங்கள் சுவரை மட்டும் தொடமாட்டார்.

"அடைச்சா நல்ல ரூமாயிடும்டா. நல்ல ரூம்ல நம்மள விட்டுவைப்பானா வீட்டுக்காரன்?" என்பார்.

காலையில் ரவுண்டானாவில் அவரவர் தொழில் சாமானைக் காலடியில் வைத்துக்கொண்டு நிற்போம். கூலிக்கு ஆள் தேடி வருகிறவன் எங்கள் முகத்தைப் பார்க்கமாட்டான், சாமானைத்தான் பார்ப்பான்.

அன்று வந்த வெள்ளை வண்டிக்காரன் சாமானையும் பார்க்கவில்லை.

"நீ ஏறு," என்றான் பக்கீத்திடம்.

"பூச்சு வேலைங்களா?"

"ஏதோ ஒரு வேலை. ஏறுய்யா."

பக்கீத் பூச்சுக் கரண்டியை எடுத்தார்.

"அதெல்லாம் எதுக்கு? போட்டுட்டு வா. ஆள் வந்தாப் போதும்."

அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "அண்ணே, வேணாம்ணே. இப்படி ஏத்திட்டுப் போய் ஆளையே வித்துடறானுங்கண்ணே."

"கைய வீசிட்டுப் போற வேலைடா. பொறாமையா இருக்கா உனக்கு?" என்று சிரித்தபடி ஏறிவிட்டார்.

பொழுது சாய்ந்தும் அவர் வரவில்லை. வீட்டுக்காரன்தான் வந்தான். கூட்டிவந்த புது ஆளுக்கு பக்கீத்தின் பாயைக் காட்டி, "இனிமே இது உன் இடம்," என்றான்.

பக்கீத் போனதை நாங்கள் யாரும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை.