ஊசியக்காவின் எடை மெஷின்

பள்ளிக்கூடத்தின் சுகாதார அறையை ஆண்ட நர்ஸம்மாவுக்குப் பிள்ளைகள் சூட்டிய பட்டம் ஊசியக்கா. இத்தனைக்கும் அங்கே அவர் யாருக்கும் ஊசி போட்டதாகச் சரித்திரமே இல்லை. ரெக்சின் கட்டில், டிஞ்சர் புட்டி, கால் ஆடும் ஸ்டூல், முள் நடுங்கும் எடை மெஷின். இந்தப் பெரும்படையை வைத்துக்கொண்டுதான் ஊர்ப் பிள்ளைகளின் சளியையும் சிரங்கையும் எதிர்த்து நின்றார்.

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் இந்நாளில் அவருக்கு ஆசையாய் நினைவுக்கு வருவது, முதல் வகுப்புக்கு எடை பார்த்த காலைகள்தான். புதுச் சீருடையின் மொடமொடப்பு, பவுடர் வாசனை, மூக்கொழுகல் ஒரு பக்கம். தாய்மார்களின் சதி மறுபக்கம். எடை குறைந்தால் பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அவர்களாகவே முடிவு கட்டியிருந்தார்கள். உண்மையில், எடை குறைந்த பிள்ளைக்குத்தான் தினமும் ஒரு தம்ளர் பால். ஊசியக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். யார் நம்பினார்கள்?

ஒரு வருஷம் இஸ்திரிக்காரம்மா மகனோடு வந்தாள். பையன் ஈர்க்குச்சி. முள்ளோ குண்டுப் பிள்ளைகளின் எண்ணில் போய் நின்றது. அப்படியே எழுதினால் பால் போச்சு. ஊசியக்காவுக்கு மனசு கேட்கவில்லை.

"சட்டையக் கழட்டு கண்ணு."

"வேணாங்க, அவனுக்குக் குளிரும்," என்றாள் தாய்.

"வேர்த்து ஊத்துது, குளிருதாமே. பையில என்ன?"

"வெளையாட்டுச் சாமான்."

மேசையில் ணங்கென்று விழுந்தன கூழாங்கற்களும் ஒரு பூட்டும்.

"அம்மா, ஒண்ணுக்கு," என்றான் பையன்.

"அடக்குடா. எறங்கினதும் போலாம்."

"எவ்ளோ தண்ணி குடுத்த?"

"ஒரு சொம்புதாங்க்கா."

"ஓடு ராசா," என்றார் ஊசியக்கா.

திரும்பி வந்தவனை ஏற்றியதும் முள் உண்மையைச் சொன்னது. தாயின் முகம் தொங்கிப்போயிற்று.

"கொஞ்சம் பாத்துப் போடக்கூடாதாக்கா? நான்தான் வெயில்ல கரியோட நிக்கிறேன். இவனாவது நெழல்ல உக்காரட்டும்னுதான்..."

"உம்புள்ள இங்கதான் படிப்பான். எளைச்ச புள்ளைக்குப் பாலும் உண்டு. மொதல்ல அந்தப் பூட்டக் கொண்டுபோய் வீட்டுல மாட்டு, தொறந்து கெடக்கப் போவுது."

அவள் போகவில்லை. இடைவேளை வரை ஜன்னலுக்கு வெளியே நின்றாள். மகன் தம்ளரைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் நக்கியதைப் பார்த்த பிறகே நகர்ந்தாள்.

செய்தி பரவியது. அடுத்த வருஷம் அந்தத் தெருவே தன் பிள்ளைகளைப் பட்டினி போட்டுக் கூட்டி வந்தது. எடை குறைய வேண்டுமாம். ஊசியக்கா தலையில் அடித்துக்கொண்டு, அத்தனை பேருக்கும் முதலில் பிஸ்கட் கொடுத்து, தின்று முடித்த பிறகே மெஷினில் ஏற்றினார்.