ஹியூபர்ட் மேடக் கொடுக்காமல் வைத்திருந்த மெட்டு

அந்தக் காலத்து லண்டனில் இசை நாடகத்துக்குப் பாட்டுப் போடுகிறவர் இரண்டே இரண்டு ராத்திரிக்குத்தான் ராஜா. முதல் நாள் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு வாத்தியக் குழியில் நின்று அவரே கோல் பிடித்து வாத்தியங்களை நடத்துவார். மறுநாளிலிருந்து தியேட்டரின் சம்பள ஆள் வந்துவிடுவார். ஓடி அலுத்துப்போன நாடகத்தில் நாலு புதுப் பாட்டைச் சொருகி, 'இரண்டாம் பதிப்பு' என்று மறுபடி தம்பட்டம் அடிப்பார்களே, அன்றைக்கு இன்னொரு தடவை அவரைக் கூப்பிட்டு நிறுத்துவார்கள். நடுவில் அவர் பாட்டை உருவினாலும், எவன் பாட்டையோ நுழைத்தாலும் கேட்க நாதி கிடையாது. சுவரொட்டியில் மட்டும் அவர் பெயர் இருக்கும். வெட்கங்கெட்ட வழக்கம்தான். ஆனால் எல்லோரும் அதை வைத்துத்தான் பிழைத்தார்கள்.

ஹியூபர்ட் மேடக்கும் பிழைத்தார். பட்டு ஆலைகள் நிறைந்த மக்கிள்ஸ்ஃபீல்டில் அவருடைய அப்பா தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். மகனுக்குக் கை அங்கே பழகியது. லண்டனுக்கு வந்து, நடனப் பெண்களின் ஒத்திகைக்குப் பியானோ தட்டி, கோமாளி நடிகர்கள் நின்ற இடத்தில் கேட்டதற்கு நின்ற இடத்திலேயே மெட்டுப் போட்டு, மெல்ல மெல்ல மேலே வந்தார். 'மிஸ் ட்ராம்' என்ற அவருடைய நாடகம் ஓடியபோது தெருவில் கைப்பிடி வைத்துப் பெட்டிப் பியானோ சுற்றுகிறவர்கள் எல்லாரும் அவர் பாட்டைத்தான் சுற்றினார்கள். பிரிக்ஸ்டனில் ஒரு வீடு பிடித்து, கல்யாணமாகாத அக்கா லெட்டியைக் கூட்டி வந்து குடித்தனம் வைத்தார்.

அவர் மெட்டுகளுக்கு வார்த்தை எழுதியவன் லயனல் பாரட். அவனுக்கு 'ர்' போட்டு மரியாதை கொடுக்க எனக்கு மனசு வரவில்லை, மன்னிக்கவும். ஆள் பார்க்க லட்சணமாக இருப்பான். பேசினால் கல்லும் சிரிக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லெட்டியின் ஆட்டுக்கறி வறுவலுக்குத் தவறாமல் ஆஜர்.

"லெட்டி, சொர்க்கத்துல இந்தக் கறி கிடைக்கலேன்னா நான் திரும்பி வந்துருவேன்" என்பான்.

"நீ அங்க போவேன்னு யார் சொன்னது?" என்பாள் லெட்டி, இன்னொரு துண்டை அவன் தட்டில் தள்ளியபடியே.

சாப்பாடு முடிந்ததும் ஹியூபர்ட் முன்னறைப் பியானோவில் உட்கார்ந்து ஒரு வால்ட்ஸ், மூன்று தாள நடன மெட்டு, வாசிப்பார். பத்தொன்பது வயதில், ஊரில், அப்பாவின் தேவாலயப் பாட்டுக் கோஷ்டி வந்து சேரும்வரை காத்திருந்த ஒரு மழை நாளில் தானாகக் கையில் வந்த மெட்டு அது. மற்றதெல்லாம் நடிகைக்காக, முதலாளிக்காக, வாடகைக்காகப் போட்டவை. இது ஒன்றுதான் உண்மையிலேயே நல்லது என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் எந்த நாடகத்துக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார்.

"டேய் ஹியூ, இதை எப்பத்தான் கொடுக்கப் போறே? உன் சவப்பொட்டியில வச்சு அனுப்பணுமா?" என்று லயனல் ஞாயிறு தவறாமல் நச்சரிப்பான்.

பத்து வருடம் நச்சரித்தான். கடைசியில், 'ராம்ஸ்கேட் ராணி' என்ற நாடகத்தில், இரண்டாம் அங்கத்தில் தோட்டக் காட்சிக்கு, ஹியூபர்ட் அந்த மெட்டைக் கொடுத்தார். கதாநாயகி மேபல் தனியாக நின்று பாட வேண்டும். கொடுக்கும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மத்த பாட்டை எல்லாம் எடுக்கட்டும், போடட்டும். இதுல மட்டும் எவனும் கை வைக்கக் கூடாது லயனல்."

"என் பொணத்தைத் தாண்டித்தான் வைக்கணும்" என்றான் லயனல்.

முதல் நாள் அந்த வால்ட்ஸுக்குக் கைதட்டல் பெரிதாக இல்லை. ஆனால் பாட்டு முடிந்ததும் கேலரியில் ஒரு நிமிடம் யாரும் இருமவில்லை. அது போதும் என்று ஹியூபர்ட் வீடு வந்தார். மறு மாதமே மார்பில் நீர் கோத்துப் படுத்துவிட்டார். டாக்டர் கடல் காற்று வேண்டும் என்று போர்ன்மத்துக்கு அனுப்பினார். லயனல் வாராவாரம் ரயிலேறி, திராட்சையும் கையுமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். ஊரெல்லாம் இப்போது ராக்டைம் என்ற துள்ளல் பாட்டுப் பைத்தியம், அமெரிக்காவிலிருந்து ஜெரி காலோவே என்று மெட்டுப் போடுகிற ஒரு பையன் வந்திருக்கிறான், தியேட்டர் முதலாளி காஸ்லிங் அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார் என்றெல்லாம் சொன்னான்.

"என் வால்ட்ஸ்?"

"அது பாட்டுக்கு இருக்கு. நீ உடம்பைப் பாரு."

இரண்டாம் பதிப்புக்கு நாள் குறித்தார்கள். ஹியூபர்ட் எழுந்து நடமாட ஆரம்பித்திருந்தார். ஒத்திகைக்கு வரட்டுமா என்று கேட்டார்.

"உன் பாட்டுக்கு உனக்கு எதுக்குடா ஒத்திகை? அன்னிக்கு நேரா வந்து கோலைப் பிடி. புதுசா சொருகினது ரெண்டோ மூணோ, பார்த்த உடனே நடத்திடுவே" என்றான் லயனல்.

நம்பினார். நம்பாமல் என்ன செய்வார்? பத்து வருடம் ஒரே மேஜையில் சாப்பிட்டவன்.

அன்று ராத்திரி தியேட்டரில் உட்கார இடமில்லை. ஹியூபர்ட் குழிக்குள் வந்ததும் வாத்தியக்காரர்கள் வில்லால் தட்டி வரவேற்றார்கள். முதல் அங்கம் அமர்க்களமாகப் போனது. இரண்டாம் அங்கத்தில் தோட்டக் காட்சிக்குத் திரை விலகியது. மேபல் ரோஜா வளைவின் கீழ் வந்து நின்றாள். அவர் மெதுவான வால்ட்ஸுக்குக் கோலை உயர்த்தினார். முதல் வயலின்காரர் முன்னால் சாய்ந்து, வாயை அதிகம் திறக்காமல் சொன்னார்.

"சார், இங்க இப்ப வேற பாட்டு. உங்களுக்குத் தெரியும்னு பாரட் சார் சொன்னாரே."

எதிரே இசைப் புத்தகத்தில் புதுத் தாள் ஒட்டியிருந்தது. வார்த்தை பாரட், இசை காலோவே. முதுகுக்குப் பின்னால் தியேட்டர் நிறைய ஜனங்கள். மேலே மேபல் அவர் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கோலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். போனால் அந்தப் பெண்தான் நடு மேடையில் அசிங்கப்படுவாள். ஹியூபர்ட் தாளைப் பார்த்து ராக்டைம் வேகத்தில் கோலை இறக்கினார்.

எட்டுத் தாளம் போவதற்குள் அவருக்குப் பிடிபட்டது. அது அவருடைய மெட்டு. இடுப்பை ஒடித்து, காலை இழுத்து, மூன்று தாளத்தில் இருந்ததை நாலுக்கு மடக்கிப் போட்டிருந்தாலும் பெற்றவனுக்கு அடையாளம் தெரியாதா? அந்த அமெரிக்கப் பையன் பிரிக்ஸ்டன் முன்னறைக்கு வந்ததே இல்லை. யார் முணுமுணுத்துக் காட்டியிருப்பார்கள் என்று தனியாக யோசிக்க வேண்டியதில்லை.

ஜனங்கள் ஒன்ஸ்மோர் கேட்டார்கள். நடத்தினார். மறுபடி கேட்டார்கள். மறுபடி நடத்தினார். கேலரி காலால் தரையைத் தட்டி, பாட்டுப் போட்டவரைக் காட்டு என்று கத்தியது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, ஹியூபர்ட் ஜனங்கள் பக்கம் முகத்தைத் திருப்பப் போனார். அதற்குள் லயனல் பக்கவாட்டிலிருந்து ஜெரி காலோவேயைக் கையைப் பிடித்து அழைத்து வந்து மேடை நடுவில் நிறுத்தினான். பையன் குனிந்து வணங்கினான். ஹியூபர்ட் குழிக்குள் நின்றபடி அண்ணாந்து பார்த்தார்.

திரை விழுந்த பிறகு மேடைக்குப் பின்னால் நடைவழியில் லயனலைப் பிடித்தார்.

"அது என் மெட்டு."

"எது?"

"எதுன்னா கேக்கறே?"

"டேய், உலகத்துல இருக்கறதே ஏழு சுரம். அங்க இங்க ஒத்துப்போகத்தான் செய்யும்."

"ஒத்துப்போகல லயனல். நீ எடுத்துக் கொடுத்திருக்கே."

லயனல் குரலைத் தாழ்த்தினான். "உன் வால்ட்ஸ் ஆரம்பிச்சா ஜனங்க எழுந்து பாருக்குப் போறாங்க. நான் எத்தனை நாள் முட்டுக் கொடுப்பேன்? காஸ்லிங் உன் பேரையே தூக்கிடுறேன்னாரு. உன் மெட்டு கொஞ்சமாவது மேடையில இருக்கட்டும்னுதான் செஞ்சேன். உனக்காகத்தான்டா."

"எனக்காகவா?"

"பின்னே?"

ஹியூபர்ட்டுக்குக் கை ஓங்கத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்காவது நெஞ்சு ஆறியிருக்கும். முதலாளி காஸ்லிங்கிடம் போய் நின்றார். அவர் சுருட்டை இறக்காமலே பேசினார்.

"ரெண்டு பாட்டும் ஒரே பதிப்பாளர் உரிமை வாங்கினது மேடக். வலது பாக்கெட்ல இருந்ததை இடது பாக்கெட்ல போட்டா திருட்டுன்னு எந்தக் கோர்ட்டு சொல்லும்? போய் உடம்பைத் தேத்திக்குங்க."

ஒரு மாதத்துக்குள் அந்தப் பாட்டு தெருவெல்லாம் வந்துவிட்டது. லெட்டி சமையலறை ஜன்னலைத் திறந்து காது கொடுத்தாள்.

"ஹியூ, உன் மெட்டை எவனோ விரட்டிக்கிட்டுப் போறான்."

"அது காலோவே பாட்டு."

"பாட்டாம் பாட்டு. இந்தச் சுவத்துக்கே மனப்பாடம் அது."

அடுத்த ஞாயிறு லயனல் பூங்கொத்தோடு வந்தான். லெட்டி கதவைப் பாதிதான் திறந்தாள்.

"கறி தீந்துபோச்சு."

"மத்தியானம் ஆகறதுக்குள்ளயா?"

"உனக்குத் தீந்துபோச்சு."

அத்தோடு அவன் வரவில்லை. உள்ளே பியானோ முன்னால் உட்கார்ந்திருந்த ஹியூபர்ட் கூப்பிடுவாரோ என்று கொஞ்ச நேரம் வாசல் கேட் அருகில் நின்றான் என்று லெட்டி பிற்பாடு சொன்னாள்.

பணமும் பேரும் போனதைக்கூட ஹியூபர்ட் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது வேறு. வேறொரு தியேட்டருக்குப் போய் அந்த வால்ட்ஸை, பழையபடி மெதுவாக, வாசித்துக் காட்டினார். மேனேஜர் பாதியிலேயே சிரித்துவிட்டார்.

"என்ன மேடக், காலோவே சரக்கைத் துவைச்சுக் காயப்போட்டு எங்கிட்ட விக்கறீங்களா?"

அது அவர் பத்தொன்பது வயதில் போட்டது என்று சொல்ல வாயைத் திறந்தார். 'ராம்ஸ்கேட் ராணி'யில் கொஞ்ச நாள் ஒலித்த வால்ட்ஸ் யாருக்கு ஞாபகம், யார் நம்புவார்கள்? வாயை மூடிக்கொண்டு தொப்பியை எடுத்துக்கொண்டார். தன் சொந்த மெட்டை வாசித்தால் தானே திருடனாகும் நிலைமை. அதன்பிறகு வெளியில் எங்கும் அதை அவர் வாசிக்கவில்லை.

யுத்தம் வந்தது, போனது. ஈஸ்ட்போர்னில் கடலைப் பார்த்த ஒரு ஹோட்டலில் மாலை நேரத் தேநீருக்கு வாசிக்கும் மூவர் கோஷ்டியில் ஹியூபர்ட்டுக்குப் பியானோ வேலை கிடைத்தது. மோசமில்லை. கேக்கும் தேநீரும் இலவசம். கிழவிகள் கேட்ட பாட்டை வாசிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு நாள் ஃபர் காலர் வைத்த கோட்டோடு லயனல் பாரட் உள்ளே வந்தான். தலை நரைத்திருந்தது. தேநீர் வாங்கி உட்கார்ந்த பிறகு, பியானோவில் யார் என்று பார்த்ததும் கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டு ஓடி வந்தான்.

"டேய் ஹியூ. உயிரோடதான் இருக்கியா? லெட்டி எப்படி இருக்கா? அந்தக் கறி வாசனை இன்னும் மூக்குலயே நிக்குதுடா." கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை, நிஜமாகவே கலங்கியிருந்தது. "எனக்கு ஏதாவது வாசியேன்."

இந்த நாளுக்காக ஹியூபர்ட் எத்தனையோ வசனம் தயார் செய்து வைத்திருந்தார். ஆனால் லயனல் ஒரு வார்த்தை, 'தப்புப் பண்ணிட்டேன்' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாவற்றையும் அந்தக் கடலில் போட்டுவிடலாம் என்றுதான் அந்த நிமிடம் தோன்றியது. மற்ற இருவரையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, லயனலின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அந்த வால்ட்ஸை வாசித்தார். மெதுவாக, மழை நாளில் வந்தபடியே, ஒரு சுரம் விடாமல் வாசித்தார்.

லயனல் கண்ணை மூடிக் கேட்டான். முடிந்ததும் அவர் தோளில் கை வைத்தான்.

"அடடா. ஜெரி பாட்டை இப்படி நிதானமா வாசிச்சா இவ்வளவு அழகா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லை ஹியூ. அவன் கேட்டிருக்கணும்டா இதை."

ஹியூபர்ட் அந்த முகத்தில் பொய்யைத் தேடினார். கண்ணில் தேடினார், உதட்டில் தேடினார். இல்லை. அவன் மறைக்கவில்லை, மறந்தே போயிருந்தான். மன்னிப்பு கேட்க அங்கே ஆளே இல்லை.

"ரொம்ப நன்றி, பாரட் சார்" என்று சொல்லிவிட்டு, அடுத்த மேஜைக் கிழவி என்ன பாட்டுக் கேட்டாள் என்று வயலின்காரரிடம் விசாரித்தார்.